முந்நூற்று எண்பத்து நான்கு தொங்கல்கள்

கொடை என்பது, மனிதன் தன்னிடம் உள்ளவற்றில் உயர்ந்ததை இறைவன் முன் வைத்துவிட்டு, பலனை எண்ணாமல், திரும்பியும் பாராமல் வெளியேறும் புனிதமான கணம். விளக்குக்கடை அக்கா வழிபாட்டுக் கூடத்துக்குச் சரவிளக்கு கொடுத்த அன்று, வாசல்படியைத் தாண்டுவதற்குள் நான்கு தடவை திரும்பிப் பார்த்தாள். எலி பொறிக்குள் போய்விட்டதா என்று தெரிய வேண்டியிருந்தது.

எலிக்கு உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கூடத்தின் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காவுடைய வீட்டுக்காரரின் மூத்த சகோதரியைக் கட்டியவர். அதனால் அவள் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டாக வேண்டும். எவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அந்தச் சொல் வெளியே வரும்போது மரியாதையாகவே கேட்டுத் தொலைக்கும்.

பகை ஒரு கைக்குட்டையில் தொடங்கியது.

அதற்கு முன் பதினேழு வருடம் கூடத்தின் சாவி அக்காவிடம்தான் இருந்தது. கைப்பைக்குள், மூக்குக்கண்ணாடிக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவே அதற்கென்று ஓர் இடம். வாரத்தில் இரண்டு நாள், கடை திறப்பதற்கு முன்னால், கூடத்தைத் திறந்து பெருக்கி, தரை துடைத்து, பெஞ்சு பெஞ்சாகத் தூசி தட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். சம்பளம் கிடையாது, கேட்டதும் கிடையாது. கேட்காததை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பாள். கூடவே, "இந்தக் கூடத்துல என் கை படாத இடம்னு ஒண்ணைக் காட்டு பாப்போம்!" என்று ஒரு சவால். யாரும் காட்டியதில்லை. ஆறடி இரண்டு அங்குலத்தில் அதுவரை யாரும் தலைவராக வந்ததில்லை.

புதுத் தலைவர் பதவியேற்ற முதல் கூட்டத்தில் "பொறுப்பாண்மை" என்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நமக்குக் கொடுக்கப்பட்டது நம்முடையதல்ல, நாம் வெறும் காவலர்கள் என்றார். பிறகு மேடையை விட்டு இறங்கி, கிழக்குச் சுவர் ஜன்னலருகே போய், குதிகாலைக்கூட எடுக்காமல் கையை உயர்த்தி, ஜன்னலுக்கு மேலிருந்த பலகையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் ஒரே இழுப்பு இழுத்தார். திரும்பி வந்து அதை விரித்துச் சபைக்குக் காட்டினார். நடுவில், விரல் அகலத்துக்கு, கரிபோல ஒரு கோடு.

"நான் யாரையும் குறை சொல்லல" என்றார்.

அவர் குறை சொல்லாத ஆளை மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது.

"அன்பா செய்ற வேலை வேற, முறையா செய்ற வேலை வேற. இனிமே ஒரு கம்பெனி வந்து சுத்தம் பண்ணும். சாவியைக் குடும்மா."

அக்கா கைப்பையைத் திறந்தாள். அவசரத்துக்குச் சாவி அகப்படுமா? துழாவினாள். மாத்திரை அட்டை விழுந்தது, கண்ணாடிக்கூடு விழுந்தது, பழைய மின்சாரச் சீட்டு ஒன்று பறந்து போய் இரண்டாவது வரிசையில் விழுந்தது. அவர் கையை நீட்டியபடியே நின்றார். அந்த இரண்டாவது வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அக்கா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள். மூன்று பேர் மேல் சந்தேகம். மூவருக்கும் கடையில் பழைய சரக்குதான் கொடுக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

"தூசியை வீட்லேருந்தே கொண்டு வந்திருக்கார்."

வீட்டுக்காரர் ஒயர்மேன். யாராவது கத்தினால் முதலில் மெயின் சுவிட்சைத் தேடுகிற ஆள். "மாமா அப்படியெல்லாம் செய்வாரா?" என்றார் மெதுவாக.

"ஏன் செய்யமாட்டார்? கைக்குட்டைக்கு உள்பக்கம் தடவிக் கொண்டு வந்திருப்பார். மேஜிக்காரன் செய்றதில்லையா? பதினேழு வருஷம் வாராவாரம் துடைச்ச இடத்துல அவ்வளவு தூசி எங்கேருந்து வரும்?"

"பலகைக்கு மேல தானே..."

"உங்க அக்கா புருஷன்னா உங்களுக்கு வாய் வந்துடுமே! எனக்காக அங்க ஒரு வார்த்தை வந்துதா? மாத்திரையைப் பொறுக்கித் தந்தீங்க. அதுலயும் ரெண்டு குறையுது."

 அன்று இரவு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த மனிதர், அதே சபையில், அதே ஆட்கள் பார்க்க, கையில் தூசித்துணியோடு ஏணியில் ஏற வேண்டும். ஏறி, துடைத்து, எல்லோரும் சிரித்த பிறகு, சாவியை அவரே திருப்பித் தர வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் உதவாது.

வழி நான்கு மாதம் கழித்துக் கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டி வடிவில் கிடைத்தது.

பதினொரு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு ஓட்டலுக்காக வரவழைத்த சரவிளக்கு. விளக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டல் மூடிவிட்டது. ஆள் உயரம், மூன்று அடுக்கு, முந்நூற்று எண்பத்து நான்கு கண்ணாடித் தொங்கல்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கொக்கியில். அதை யாரும் வாங்காததற்குக் காரணம் விலை அல்ல. ஒரு தொங்கலைத் துடைக்க ஒரு கை அதைப் பிடிக்க வேண்டும், மறு கை துடைக்க வேண்டும், அதற்குள் பக்கத்திலிருப்பது ஆடிவந்து கைரேகையை வாங்கிக்கொள்ளும். துடைத்து முடித்தால் முதலில் துடைத்தது மறுபடி அழுக்காகியிருக்கும். கடையில் ஒரு வாரம் மாட்டி வைத்துப் பார்த்துவிட்டு, தன் பரம எதிரிக்குக்கூட இதை விற்கக் கூடாது என்று அக்காவே பெட்டியில் போட்டு மூடியிருந்தாள்.

இப்போது பெட்டியின் முன் நின்று யோசித்தாள். விற்கத்தானே கூடாது? கொடுக்கலாமே.

கொடைக்கடிதத்தை வீட்டுக்காரர் எழுதினார். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும். அக்கா நடந்துகொண்டே சொன்னாள்.

"'இவ்விளக்கின் தொங்கல்களை, இதனால் கௌரவிக்கப்பெறும் பெருந்தகையின் திருக்கரம் தவிர வேறெவர் கையும் என்றும் தீண்டலாகாது.' எழுதியாச்சா?"

"இவ்வளவு எதுக்கு? 'தலைவர்தான் துடைக்கணும்'னு ஒரே வரியில போட்டுடலாமே."

"பச்சையா போட்டா முழிச்சுக்குவார். பெரிய வார்த்தையா இருந்தா மயங்கிடுவார். துடைக்கிற பேச்சே வரக் கூடாது. தீண்டுறதுன்னு போடுங்க. பெருந்தகை, திருக்கரம், ரெண்டையும் விட்டுடாதீங்க."

"பேரு?"

"கீழ ஒரு தகட்டுல போட்டா போதும்."

தகடு பித்தளை. "கௌரவிக்கப்பெறும் பெருந்தகை" என்று மேல்வரி, கீழே தலைவரின் பட்டங்களும் பெயரும். வீட்டுக்காரர் அதை விளக்குக்கு நேர் கீழே, சுவரில் இரண்டு திருகாணி போட்டு மாட்டினார். நாலு போட வேண்டிய இடத்தில் ரெண்டு. ரெண்டுதான் சட்டைப்பையில் இருந்தது. விளக்கையும் அவர்தான் தொங்கவிட்டார். நடுவில் மாட்டத்தான் எல்லோருக்கும் ஆசை. "நடு உத்திரம் தாங்காது, கிழக்குப் பக்கம்தான் தாங்கும்" என்று அவர் சொன்னதால் அது கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, தெருக்கதவின் காற்று நேராக அடிக்கிற இடத்துக்கு வந்தது. அக்காவுக்கு அதில் மறுப்பே இல்லை. தெருவில் லாரி போகும்.

தலைவர் கடிதத்தை மைக்கில் தாமே வாசித்தார். "திருக்கரம்" என்ற இடம் வந்ததும் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். அந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்தார். தம் வலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணி, அதாவது நாத்தனார், முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் உனக்கு மனசு பெருசு" என்றாள்.

"எல்லாம் அண்ணனுக்காகத்தான் அண்ணி" என்றாள் அக்கா. வாழ்க்கையில் அவள் சொன்ன வார்த்தைகளில் இவ்வளவு உண்மையானது வேறில்லை.

பிறகு காத்திருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. லாரிகள் செய்தன. மூன்றாவது வாரம் விளக்கு மங்கியது. ஐந்தாவது வாரம் கவனிக்காத பல்வரிசை மாதிரி மஞ்சளடித்தது. கம்பெனியிலிருந்து வந்த பெண் நீளக் குச்சியோடு கிட்டே போனபோது அக்கா பாய்ந்துபோய்த் தடுத்தாள்.

"தொடாதம்மா! கடிதம் இருக்கு. அந்தத் தகட்டுல இருக்கிறவர் கைதான் படணும்."

"அப்ப அவரைத் துடைக்கச் சொல்லுங்க. எனக்கென்ன?" என்று அந்தப் பெண் குச்சியைச் சாத்திவிட்டுப் போனாள்.

அக்காவுக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆறாவது வாரம் மாதக் கூட்டம். வீட்டில் நிலைக்கண்ணாடி முன் மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தாள். புதுக் கைக்குட்டை ஒன்று வாங்கி, மடிப்புக் கலையாமல் கைப்பையில் வைத்திருந்தாள். வேறு விஷயம் உண்டா என்று தலைவர் வழக்கம்போல் கேட்டு, வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் காகிதத்தை மடித்தபோது அக்கா எழுந்தாள்.

கடையில் பல்புகளைத் தட்டும் குச்சியின் முனையில் கைக்குட்டையைக் கட்டினாள். எக்கி நின்று கடைசித் தொங்கலை ஒரே தடவை வருடினாள். அவிழ்த்து விரித்தாள். சபைக்கு வலமிருந்து இடமாகக் காட்டினாள்.

"நான் யாரையும் குறை சொல்லல" என்றாள்.



"அண்ணே, எங்க கடையில இதைத் தூசின்னு சொல்லுவோம். உங்க முறையில இதுக்கு என்ன பேருன்னு தெரியல. நானே துடைச்சிடுவேன். கடிதம் விடமாட்டேங்குது. உங்க கைதான் படணுமாம்."

தலைவர், "கம்பெனி..." என்று ஏதோ தொடங்கினார். "திருக்கரம்" என்றாள் அக்கா. கூட்டத்தில் யாரோ, "நீங்கதானே ரெண்டு தரம் வாசிச்சீங்க?" என்றார்கள். ஏணி எங்கே என்று ஒருத்தர் கேட்டார். ஏணி கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அக்காதான் காலையிலேயே கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள். பத்துப் படி. துணியும் அதன்மேலேயே தொங்கியது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல.

தலைவர் ஏறினார். உயரமான ஆட்களுக்கு உயரம் பயமிருக்காது என்பது குள்ளமானவர்களின் கற்பனை. இரண்டாம் படியில் கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் படியில் முழங்கால்கள் தனித்தனியாக ஆடத் தொடங்கின. ஐந்தாவதில் சட்டை பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. ஒரு கையால் ஏணியைக் கட்டிப்பிடித்து, மறு கையால் கண்ணாடித் தொங்கல்களைக் குருடர் முகம் தடவுகிற மாதிரித் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று.

அக்கா கண்கொட்டாமல் பார்த்தாள். நெஞ்சுக்குள் பதினேழு வருடத் தரையும் ஒரே நேரத்தில் பளபளத்தது. இப்போது சிரிப்பார்கள். அந்த இரண்டாவது வரிசைச் சிரிப்பு இப்போது வரும்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த வயசுல, இவ்வளவு பெரிய மனுஷன், ஒரு துணியை எடுத்து..." என்றார்.

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். தலைவர் நடுங்கிக்கொண்டே இறங்கினார். நடுக்கம் பணிவாகத் தெரிந்தது. வாய் உலர்ந்து பேச்சு வரவில்லை; அது அடக்கமாகத் தெரிந்தது. மக்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். அக்காவையும் யாரோ வரிசைக்குள் தள்ளினார்கள். அவளும் பிடித்தாள். ஈரமாக இருந்தது.

"எப்பேர்ப்பட்ட மனுஷர் பாத்தியா?" என்றாள் அண்ணி காதோரம். "வீட்ல ஒரு டம்ளரைக் கழுவினதில்ல."

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர், "மாமா ஏறினதைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்டோம் என்று உடனே புரிந்து, தட்டோடு சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மாதம் அக்காவுக்கு நரகம். தலைவருக்குக் கைதட்டல் பிடித்துப்போயிற்று. வாராவாரம் ஏணி போட்டு, அதே ஐந்தாம் படியில் நின்று, அதே பதினொரு தொங்கலைத் துடைத்தார். பார்ப்பதற்கென்றே ஆட்கள் முன்னதாக வந்தார்கள். பக்கத்து ஊர்க் கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மீதி முந்நூற்று எழுபத்து மூன்று தொங்கல்களும் கருத்துக்கொண்டே போயின. யார் கண்ணிலும் படவில்லை. "அண்ணே, மேலடுக்கு?" என்று அக்கா ஒருநாள் கேட்டபோது, பக்கத்திலிருந்தவர்கள் அவளைத்தான் முறைத்தார்கள்.

ஏணி ஏறத் தொடங்கிய ஒன்பதாவது வாரம் தலைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செய்தி கேட்டதும் அக்கா கடையில் நின்றபடியே கண்ணை மூடி நன்றி சொன்னாள். இனி ஏற முடியாது. ஏறாவிட்டால் விளக்கு நாறும். விளக்கு நாறினால் கேள்வி வரும். கைக்குட்டையை மறுபடி துவைத்து இஸ்திரி போட்டாள்.

மாதக் கூட்டத்துக்குத் தலைவர் தடியூன்றி வந்தார். அக்கா கைப்பையைத் திறக்குமுன் அவரே மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் துணி எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது" என்றார். சபை பெருமூச்சு விட்டது. "ஒவ்வொரு வாரமும் அந்தத் தகட்டுல என் பேரைப் பாக்கிறப்ப கூசுது. பதினேழு வருஷம் சம்பளம் வாங்காம இந்தக் கூடத்தைக் காத்தவ யாரு? கௌரவிக்கப்பெற வேண்டிய பெருந்தகை யாரு? நானா?"

அக்காவின் கை கைப்பைக்குள்ளேயே நின்றது.

"அதனால குழு ஒருமனதா ஒரு தீர்மானம் போட்டிருக்கு. இந்த விளக்கோட கௌரவம் இன்னையிலேருந்து என் தங்கச்சிக்கே சேரும்."

தம்பியைக் கூப்பிட்டார். தம்பி என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அவர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். இரண்டே என்பதால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. புதுத் தகடு ஏறியது. மேல்வரி அதேதான். கீழ்வரியில் அக்காவின் பெயர், "அம்மையார்" என்ற சேர்மானத்தோடு.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். பதினேழு வருடச் சாவி. அதன் சிவப்புக் கயிறுகூட மாறவில்லை. இத்தனை பேர் பார்க்க, இதற்காகத்தானே எல்லாம்? அக்கா மேடையேறி வாங்கினாள். கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது.

தலைவர் குனிந்தார். இடுப்புவலிக்காரர் குனிந்த அழகைக் கண்டு சபை மறுபடி தட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது அக்காவுக்கு மட்டும் கேட்டது.

"முப்பத்தாறு வருஷம் பத்திரம் படிச்சவன்மா நான். 'கௌரவிக்கப்பெறும் பெருந்தகை'ன்னு எழுதினா, யாரு பேரு தகட்டுல இருக்கோ அவங்கதான். நல்லாப் போட்டிருந்த. கடிதத்துலேயே பேரை எழுதியிருந்தா மாட்டியிருப்பேன்."

நிமிர்ந்து மைக்கில், "அம்மையாரே, உங்கள் திருக்கரத்தால் தொடங்கி வையுங்கள்!" என்றார்.

ஏணி தயாராக இருந்தது. அவளுடைய ஏணிதான்.

வீட்டுக்காரர் கீழே பிடித்துக்கொண்டார். "எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றாள் அக்கா உதடு அசையாமல், முதல் படியில் கால் வைத்தபடி.

"நேத்து. எங்க அக்கா வீட்டுக்கு வரச் சொன்னாங்க... உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு..."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

தலைவருக்கு ஐந்து படி போதுமாயிருந்தது. அக்காவின் உயரத்துக்கு எட்டு ஏற வேண்டியிருந்தது. ஒரு கையால் தொங்கலைப் பிடித்தாள், மறு கையால் துடைத்தாள். பக்கத்துத் தொங்கல் ஆடிவந்து கைரேகையை வாங்கிக்கொண்டது. ஒன்று. கீழே முன்வரிசையில் தலைவர் தடிமேல் இரண்டு கையையும் வைத்து, தலையை உயர்த்தி, வெகு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் ஏணி ஆடும்.

முகத்தை மட்டும் கிழக்குச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலின் மேல்பலகை அவள் கண்ணுக்குக் கீழே முழுசாகத் தெரிந்தது. அதன்மேல் கம்பளி விரித்தாற்போலத் தூசி. ஓரத்தில் ஒரு செத்த பூச்சி. நடுவில், விரல் அகலத்துக்கு, கைக்குட்டை போன தடம் ஒன்று.

"மேல எப்படிம்மா இருக்கு?" என்று கீழிருந்து தலைவர் கேட்டார்.

"சுத்தமா இருக்குண்ணே" என்றாள் அக்கா.

பதினேழு வருடத்தில் அந்தப் பலகையை அவள் ஒரு தடவையும் துடைத்ததில்லை. எட்டாது.